அக்கா எழுந்திருக்காத நாற்காலி

சோபா, பஸ் சீட், பல் டாக்டரின் சாய்வு நாற்காலி என்று எங்கள் பக்கத்தில் எது பிய்ந்தாலும் குஷன்காரரைத்தான் கூப்பிடுவார்கள். பிறர் உட்காருவதற்காகவே உழைத்த மனிதர். அவருடைய பெரியப்பா அவருக்கு ஒரு வீட்டை எழுதிவைத்தார். மூன்று வருஷம் ஓர் இரவும் தவறாமல் அங்கே தங்க வேண்டும், தவறினால் வீடு குஷன்காரரின் அக்காவுக்கு என்று ஒரு கொக்கியும் போட்டுவைத்தார். செத்த பிறகும் பிறரை ஆட்டிவைக்க ஆசைப்படும் ஜென்மங்கள் உண்டு.

குஷன்காரரின் மனைவி வர மறுத்துவிட்டாள். "அந்த இருட்டுப் பொந்துல நீங்களே போய்க் கிடங்க."

அக்கா வந்தாள், காவலுக்கு. வாசலைப் பார்த்துக் கிடந்த பெரியப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். உடைந்த ஸ்பிரிங் குத்திக் குத்தி அவளைத் தூங்கவிடவில்லை.

"படுக்கலியா அக்கா?"

"நான் படுத்தா நீ நழுவிடுவே. உன்னை எனக்குத் தெரியாதாடா?"

குஷன்காரர் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, புதுப் பட்டை இழுத்துக் கட்டி, ஸ்பிரிங் மாற்றி, அக்காவின் முதுகு வளைவைக் கண்ணாலேயே அளந்து ஸ்பாஞ்சு வைத்துத் தைத்தார். எந்த வாடிக்கையாளருக்கும் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை. அன்றிலிருந்து சாப்பிட்டு உட்கார்ந்ததும் அக்காவிடமிருந்து குறட்டை. குஷன்காரர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மனைவியிடம் போய்விடுவார். விடியுமுன் திரும்பி, பல் தேய்த்துக்கொண்டு நிற்பார்.

கெடு முடிந்ததும் வக்கீல் அக்காவைக் கேட்டார். "ஒரு ராத்திரியாவது வெளியே தங்கினாரா?"

தெரியாது என்றால் தூங்கியது அம்பலமாகும். கண்ணை இமைக்கவே இல்லை என்று உறவு முழுக்கப் பீற்றிக்கொண்டவள் அவள்.

"நான் கண்ணை மூடினாத்தானே சார் அவன் போறதுக்கு?"

வீடு தம்பிக்கு ஆனது.

"விக்கப் போறேன். எழுந்திரு அக்கா."

"எங்கடா போறது? என் வீட்ல எல்லாம் மர நாற்காலி. இடுப்பு போயிடும்."

"இதையும் எடுத்துட்டுப் போ."

"என் வீட்டு வாசல்ல நுழையாதுடா. உன்னை யாரு இவ்வளவு அகலமா பண்ணச் சொன்னது?"

வீடு பார்க்க வந்தவர்கள், "இவங்களும் வீட்டோடவா?" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஸ்பிரிங்கை உருவிவிடலாம் என்று குஷன்காரர் குறடோடு ராப்பகலாகக் காத்திருக்கிறார். அவள் எழுந்தால்தானே? பெரியப்பா கேட்டபடி, இப்போதுதான் அவர் ஓர் இரவும் தவறாமல் அங்கே தங்குகிறார்.