ஐந்தே நாளில் முளைத்தது

என் அக்காவுக்குப் பொறுமை என்றாலே ஆகாது. சோறு வேகுமுன் மூடியைத் திறப்பாள், பேருந்து நிற்குமுன் இறங்குவாள். அப்படிப்பட்டவள் கால்நடை நோய்க்கிருமிகளை ஆராயப் போனது சரி. போயும் போயும் மாட்டுக் காசநோய்க் கிருமியையா பிடிப்பாள்? மற்றக் கிருமிகள் பலவும் ஒரே இரவில் தட்டு நிறையப் பெருகிவிடும். இது கண்ணுக்குத் தெரியவே இரண்டு மாதம் கேட்கும். தனக்கேற்ற மாமியாரைத் தானே தேடிக்கொண்டாள் என்பார் அத்தான்.

அத்தானுக்கு வேறொரு மனக்குறையும் உண்டு. அந்தக் கிருமி வளர்வதற்கு முட்டையும் பச்சைச் சாயமும் கலந்து, கண்ணாடிக் குழாய்களில் சாய்த்து வேகவைக்க வேண்டும். "கிருமிக்கு டஜன் கணக்குல முட்டை உடைக்கிறா. எனக்கு ஒரு ஆம்லெட்டுக்கு வழியில்ல" என்று என்னிடம் புலம்புவார்.

ஒருமுறை, ஐந்து மாடு வைத்துப் பிழைக்கும் ஓர் அம்மாவின் தொழுவத்திலிருந்து மாதிரி வந்தது. இளைத்துப்போய் இருமிக்கொண்டிருந்த ஒரு மாட்டின் சளி. அக்கா அதைக் கழுவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தாள். நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள். காசநோய்க் கிருமி அப்படித்தான் தெரியும். அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். மாட்டைக் கொன்று புதைக்க உத்தரவாயிற்று. திங்கட்கிழமை காலை வண்டி வரும். மிச்சச் சளியை வழக்கம்போல முட்டைக் குழாய்களில் வளரவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்று என் காரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய்க் குழாய்களைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வைத்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. குழாய் நிறையப் பொடிப்பொடியாக முளைத்திருந்தது. ஆயுள் முழுக்க "சீக்கிரம் வளர மாட்டேங்குதே" என்று திட்டியவள், வளர்ந்ததைப் பார்த்து வெலவெலத்துப்போனாள்.

"இது அது இல்லடா" என்றாள். "அது அஞ்சு நாள்ல வரவே வராது. இது தண்ணிக் குழாய்ல சும்மா கிடக்கிற அதோட தூரத்துச் சொந்தம். சாயம் போட்டா இதுவும் சிவப்பாத்தான் தெரியும்."

"தண்ணிக் குழாய்ல கிடக்கிறது சளிக்குள்ள எப்படி வந்துச்சு?"

நடந்ததை அப்போதுதான் சொன்னாள். சளியைக் கழுவக் கிருமி நீக்கிய நீர் வேண்டும். அன்று அது கொதித்து இறங்கிச் சூடாக இருந்திருக்கிறது. ஆறும்வரை இருக்க மாட்டாமல், குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பக்கத்துக் கேனைத் திறந்திருக்கிறாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்று எங்கள் அம்மா சொல்லாத நாளில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அங்கிருந்தே ஆய்வக இயக்குநரை அழைத்தாள். "தப்பு என்னோடதுதான் சார். வண்டியை நிறுத்துங்க."

"மாட்டுக்கு நோய் இல்லைன்னு உறுதியாச் சொல்றீங்களா?"

"இல்லை சார். இருக்குன்னு நான் உறுதியாச் சொன்னது தப்புன்னு சொல்றேன்."

அவர் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். புது மாதிரி எடுத்து, ஆறிய நீரில் கழுவி வைத்த குழாய்களில் இரண்டு மாதமும் ஒன்றுமே முளைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கும் காத்திருக்க முடியாது, குடும்ப வியாதி.

அன்றைக்கே தொழுவத்துக்குப் போக வேண்டும் என்றாள். வழியெல்லாம் ஒத்திகை. மன்னிப்பை எங்கே ஆரம்பிப்பது, கிருமியின் சொந்தபந்தத்தை எப்படி விளக்குவது என்று பாடம் படித்துக்கொண்டே வந்தாள். நான் கேலி செய்யவில்லை. பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா நெருங்கிப் போய், "அம்மா, நான்தான் உங்க மாட்டோட சளியைச் சோதிச்சவ. அன்னைக்கு நான் கழுவின தண்ணி..." என்று தொடங்கினாள்.

"நாளைக்கு வண்டி வருமா, வராதா?"

"வராது."

வாளி கீழே விழுந்து உருண்டது. அவர் மாட்டின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்: "தப்பு என்மேலதாம்மா, அந்தத் தண்ணியில..."

"அதெல்லாம் அப்புறம் சொல்லுங்க தாயி" என்றார், மாட்டின் காலைக் கட்டிக்கொண்டு. "நான் கொஞ்சம் அழுதுக்கறேன்."