முன்னால் போன ஒரு சுற்று

முட்டுக்காடு தாண்டி, சின்னப் பந்தய வண்டிகள் ஓட்டும் ஒரு கார்ட்டிங் மைதானத்தில், பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பந்தயத் தொடர் தொடங்கப்போவதாகச் செய்தித்தாளின் உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். நான்தான் முதலில் பார்த்தேன். காபி ஆறிப்போகும்வரை அந்த நாலைந்து வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி, கல்லூரி வயதுப் பெண்கள் மட்டும் வரலாம் என்று இருந்தது. வயதைத் தவிர மற்றதெல்லாம் எனக்காகவே எழுதியதுபோல இருந்தது.

நாங்கள் அப்போது கல்பாக்கத்தில் அலுவலகக் குடியிருப்பில் இருந்தோம். என் கணவருக்கு அங்கே ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் அவர் யாரிடமோ ஒரு பழைய மாருதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து மகாபலிபுரம் போகும் சாலையில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. எதிரே எப்போதாவது ஒரு மீன்வண்டி வரும். நாலாவது கியர் விழுந்ததும் வண்டியின் முனகல் அடங்கிவிடும். சாலை தானாகவே என் மடிக்குள் வந்து விழுகிற மாதிரி இருக்கும்.

"போதும், போதும், குறை" என்பார். குறைப்பேன். எதற்கும் என்னைத் தடுக்காத மனிதர்தான் அவர். வேகம் மட்டும் அவருக்கு ஆகாது. "கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், வேற என்ன வேணும் உனக்கு?" என்று ஒருநாள் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் மூன்றாவது கியருக்கு இறக்கினேன்.

மகளிடம் செய்தித்தாளைக் காட்டினேன். பத்தாம் வகுப்பு விடுமுறையில் இருந்தாள். "ஜாலியா இருக்கும் போலயே, போலாம்மா" என்றாள்.

முதல் நாள் வந்தது ஐந்தே பெண்கள். தொடரை நடத்தியவர் ஒரு காலத்தில் தானே பந்தயம் ஓட்டியவர். "இத வச்சு தொடர்னு சொன்னா சிரிப்பாங்க, பரவால்ல, ஆரம்பிப்போம்" என்றார். இருந்த ஹெல்மெட்டெல்லாம் ஆண்களுக்கு வாங்கியவை. பிள்ளைகள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அதன்மேல் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி எங்களுக்குப் பக்கத்து ஊர், சதுரங்கப்பட்டினத்துப் பெண். அப்பா மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். மகளை மொபெட்டில் அத்தனை தூரம் கூட்டிவந்திருந்தார். "இன்னாமா, ஒன் பொண்ணா? ஒல்லியா கீது, வண்டி பறக்கும் பாரு" என்று அவரே பேச்சை ஆரம்பித்தார். அடுத்த தடவையிலிருந்து அவர்களும் எங்கள் மாருதியிலேயே வந்தார்கள். பெண்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வருவார்கள். அவர் முன்சீட்டில் அமர்ந்து, யாராவது எங்களை முந்தினால், "வுடாதமா, அவன வுடாத" என்பார்.

என் மகள் நன்றாக ஓட்டினாள். மற்றவர்கள் பதறிப் பிரேக் பிடிக்கும் வளைவில் அவள் கொஞ்சம் பொறுத்துத்தான் பிடிப்பாள். நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வலதுகாலைத் தரையில் அழுத்திக்கொண்டிருப்பேன். வீடு திரும்பியதும் கெண்டைக்கால் வலிக்கும்.

மறு வருஷம் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்திலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். நடத்துகிறவர் துணிந்து, பெங்களூர் சாலைப் பக்கம் இருந்த பெரிய பந்தயத் தடத்தில் மாதம் ஒருநாள் இடம் பிடித்தார். பழைய சின்னக் கார்களில் சீட்டையெல்லாம் கழற்றி, உள்ளே இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து பந்தய வண்டிகளாக்கியிருந்தார்கள். ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது நான் என் மகளின் வண்டியில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டேன். பெட்ரோல் வாசனை, சூடான இரும்பு. கையுறையைத் தேடிவந்த சதுரங்கப்பட்டினத்துப் பெண் குனிந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, நல்லா கீதா?"

சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் ஒருநாள், மீன்காரரையும் அவர் பெண்ணையும் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது என் மகள் சொன்னாள்.

"அம்மா, அடுத்த மாசத்துலேர்ந்து நான் வரல."

"பயமா இருக்கா?"

"இல்ல. பிடிக்கல. வண்டியில ஏறினாலே எப்போ முடியும்னுதான் தோணுது."

"இவ்ளோ நல்லா ஓட்டறியே."

"நல்லா ஓட்டினா பிடிச்சிடணுமா?" ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். "உனக்குத்தான்மா ஆசை."

கோபமில்லாமல்தான் சொன்னாள். புடவைத் தலைப்பு கதவில் மாட்டியிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் அந்த நாளன்று எனக்கு வழக்கம்போல விழிப்புத் தட்டியது. தண்ணீர் பாட்டிலை நிரப்பினேன். "யாரப் பார்க்கப் போற?" என்றார் கணவர். "அந்தப் பொண்ணு ஓட்டறாளே, கூட்டிட்டுப் போகணுமே" என்றேன். பொய்யில்லை. மீன்காரர் பின்சீட்டைப் பார்த்துவிட்டு, "பொண்ணு வர்ல? சரி வுடு, நீ வந்துகினு கீறியே, அது போதும்" என்று ஏறி உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. பந்தயம் தொடங்குமுன் ஒரு சாதாரண கார் முன்னால் போகும். எல்லா வண்டிகளும் அதன் பின்னால் வரிசையாக ஒரு சுற்று வரவேண்டும். சுற்று முடியும் இடத்தில் அந்தக் கார் ஒதுங்கிக்கொள்ளும், பந்தயம் தொடங்கிவிடும். அதை ஓட்டுகிறவருக்கு அன்று காய்ச்சல், அவரும் வரவில்லை, அவர் காரும் வரவில்லை. நடத்துகிறவர் பெற்றோர்கள் நின்ற இடத்துக்கு ஓடிவந்தார். "யாராவது நிதானமா ஒரு சுத்து போவீங்களா?"

"இந்தம்மாவ கேளு சார்" என்றார் மீன்காரர். "மாசாமாசம் பக்கத்துல குந்திகினு வர்றேன், எனக்குத் தெரியாதா? சூப்பரா ஓட்டும்."

ஹெல்மெட் தந்தார்கள். எங்கள் மாருதியிலேயே தடத்துக்குள் நுழைந்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் முழுக்க அவர்கள்தான். சக்கரம் சூடாவதற்காக இடமும் வலமுமாக நெளிந்துகொண்டு வந்தார்கள். முதல் வண்டியில் சதுரங்கப்பட்டினத்துப் பெண். அறுபதுக்கு மேல் போகவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பின்பக்க நேர்ச்சாலையில் என் கால் யாரையும் கேட்காமல் இறங்கியது. எழுபது, எண்பது. அவர்களும் விடாமல் வந்தார்கள். அத்தனை இன்ஜின்களின் சத்தமும் என் முதுகில் கைவைத்துத் தள்ளியது. குறை என்று சொல்லப் பக்கத்தில் யாருமில்லை.

கடைசி வளைவு வந்துவிட்டது. கொடியோடு ஒருவர் இடதுபக்கம் கையைக் காட்டினார். பழக்கதோஷத்தில் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கினேன். அவர்கள் ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். அந்தக் காற்றில் மாருதி ஆடியது. வண்டியை நிறுத்தினேன், ஆனால் ஸ்டியரிங்கிலிருந்து கை வரவில்லை. மீன்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"எறங்குமா, ரேஸ் பார்க்க வேணாமா?"

எனக்குப் பார்க்க வேண்டாம்போல இருந்தது. அதை எப்படி அவரிடம் சொல்வது? இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவர் பெண் மூன்றாவதாக வந்தாள். அவர் அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தொடர் அதற்குப் பிறகு ஒரு வருஷம் நடந்தது. பிறகு பணம் போட ஆள் கிடைக்கவில்லை. ஓட்ட விரும்பிய பெண்களைப் பையன்களோடு சேர்த்துவிட்டார்கள். பலர் நின்றுவிட்டார்கள். சதுரங்கப்பட்டினத்துப் பெண் மட்டும் விடாமல் ஓட்டினாள். இப்போது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கார் ஆலையில் புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். என் மகள் கால்நடை மருத்துவம் படித்தாள். அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது.

அந்தக் கடைசி வருஷம் முழுக்க நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். உள்ளே நுழைந்ததும் என் கண் முதலில் தேடுவது, முன்னால் போகும் காரை ஓட்டுகிற அந்த மனிதரைத்தான். ஒவ்வொரு மாதமும் அவர் சரியாக வந்து, காரைத் துடைத்துக்கொண்டு நிற்பார். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்பார்.