மருதையின் சாவி

பொன்மலை ரயில்வே பட்டறை ஃபிட்டர் மருதைக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 1961-ல் அவருடைய மோட்டார் சைக்கிளில் சாவி போடும் சுவிட்ச் கெட்டுப்போனது. வீட்டு விளக்கு சுவிட்ச் ஒன்றை சீட்டுக்கு அடியில் மாட்டி, வயரை அதற்கு மாற்றினார். சாவிக்கு வேலையில்லை. ஆனாலும் பார்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாதென்று தினமும் அதையும் போட்டுத் திருகுவார்.

இரண்டு வருஷம் கழித்து, ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் குளிக்கும்போது சாவி காவிரியோடு போய்விட்டது. வண்டியைப் பொன்மலைவரை தள்ளினார். பின்னால் நடந்த மனைவி மயிலம்மாள் வாயைத் திறந்தபோதெல்லாம், "பேசாம வா!" என்று சீறினார்.

வீட்டு வாசலில் மயிலம்மாள் சீட்டுக்கு அடியில் கைவிட்டு சுவிட்சைத் தட்டினாள்.

"இப்ப உதைங்க."

ஒரே உதையில் வண்டி உறுமியது.