இஸ்தோப்பைச் சுரண்டிப் பார்த்த ராஜேஸ்வரி அக்கா

வெலிமடையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் இருந்தேன். மூன்றாவது நாளாக மழை. எங்கள் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், கூட வேலை செய்யும் குமரன் போனில், "ராஜேஸ் அக்கா போயிட்டாங்கடா" என்றான். "எங்க போனாங்க?" என்று கேட்டேன். அவன் அழுத பிறகுதான் விளங்கியது.

ராஜேஸ்வரி அக்கா எங்கள் கந்தோரில் தொழில்நுட்ப அலுவலர். மலைச்சரிவிலுள்ள லயங்களை, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மண் சரியுமா என்று பார்த்து, ஆட்கள் குடியிருக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. அவரும் லயத்தில் பிறந்தவர். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். ஆனால் பெரிய அதிகாரிகளே அவருக்குப் பயப்படுவார்கள். வாய் அப்படி.

வேலைக்குச் சேர்ந்த வாரமே, சீக்கிரம் முன்னேற என்ன வழி என்று அவரிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வந்து நாலு நாள் ஆகல, அதுக்குள்ள என்ன அவசரம்? லயத்துக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்க தம்பி. முன்பக்கம் நமக்காகக் கழுவி வச்சிருப்பாங்க. தப்பா எழுதிட்டா அன்னைக்கே நீங்களா வந்து சொல்லிருங்க. இது ரெண்டும் போதும்."

சொல்லிவிட்டு ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கவில்லை.

சென்ற மாதம் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குத் தனியாகப் போனேன். நான்கு லயங்கள். ஐயா வருகிறார் என்று மரியாதைக்காக, வீட்டு முன் தாழ்வாரமான இஸ்தோப்பு முழுக்க மண் பூசி, சாணி மெழுகி, கோலமும் போட்டிருந்தார்கள். தேத்தண்ணி தந்தார்கள். குடித்துவிட்டு, வெடிப்பு எதுவும் இல்லை என்று எழுதினேன். பின்பக்கம் அட்டை கடிக்கும் என்று போகவில்லை.

கோப்பைப் படித்த அக்கா, "மெழுகியிருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாக்கா" என்றேன். "நாளைக்கே வாபஸ் வாங்குங்க. மழை வருது."

நான் வாங்கவில்லை. என் நியமனத்தை நிரந்தரமாக்கும் கடிதம் வரவிருந்தது. அது கைக்கு வரட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். வெட்கம் கெட்ட மனசு! அக்கா இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். மூன்றாம் முறை கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவரே போயிருக்கிறார். முதல் லயத்தின் இஸ்தோப்பைச் சுரண்டியதும் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அங்கிருந்த எல்லோரையும் திட்டித் திட்டியே கோயிலுக்கு இறக்கினாராம். அடுத்த சரிவிலுள்ள மற்ற மூன்று லயங்களுக்குப் போகும் வழியில்தான் மண் சரிந்து வந்து அவரை மூடியது.

மரண வீட்டில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க அடுத்த சரிவு லயங்க. எங்க பக்கம் ஒண்ணும் இல்லன்னு ஐயா எழுதிட்டீங்க. அதான் பயமில்லாம இருக்கோம்."

அக்காவின் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னேன். "இல்லம்மா. நான் பின்னால போய்ப் பாக்கவே இல்ல. பாக்காம எழுதிட்டேன். புள்ளைகளக் கூட்டிக்கிட்டு உடனே இறங்குங்க." அந்த அம்மா கையை விட்டுவிட்டார். அறிக்கையை வாபஸ் வாங்கும் கடிதத்தையும் அன்றே கொடுத்தேன். வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

அக்கா, அந்தச் சரிவில் இரண்டு லயத்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள். மூன்றாவதில் யாரும் அசையவில்லை. என் கையெழுத்துள்ள தாளைக் கொண்டுவந்து என்னிடமே காட்டுகிறார்கள். மழை விடவில்லை. நான் மறுபடி மேலே ஏறுகிறேன். நீங்கள் போய் வாருங்கள்.