சனிக்கிழமைத் தீக்குச்சி

"அடங்கட்டும்" என்கிறார் இருதயநாதன், கையில் துணிப்பையோடு. கழுத்தறுபட்ட கோழி நீல டிரம்முக்குள் தடதடக்கிறது. பெரம்பலூரில் முத்துசாமியின் பிராய்லர் கடை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. பின்னால் ஆறு பேர் காத்திருக்கிறார்கள். இறக்கை கடைசியாக ஒருமுறை அடித்து ஓய்ந்த பிறகும் அவர் குனிந்து எட்டிப் பார்க்கிறார். துடிப்பு நிற்கும் முன் வெட்டிய துண்டு அவர் வாய்க்கு ஆகாது.

"ஆர்ட்டிஸ்டு, கோழிக்கு ஜெபமா பண்றீங்க? அஞ்சு நிமிசம் ஆச்சு."

"உசுரு போவுதுய்யா. ஒனக்கு என்ன அவசரம்?"

"நீங்க ஒழுங்கா பூசைக்குப் போயிருந்தா, நான் இந்நேரம் நாலு கோழி வித்திருப்பேன்."

கடை முழுக்கச் சிரிக்கிறது. இருதயநாதனும் சிரிக்கிறார். எட்டு வருடமாகக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன சிரிப்பு.

வயது அறுபத்தொன்று. நகக்கண்களில் எப்போதும் ஒரு நிறம் இருக்கும். பிறந்தது வரதராசன்பேட்டையில், மூன்று தலைமுறைக் கத்தோலிக்கக் குடும்பத்தில். பதினான்கு வயதிலிருந்து சுரூபங்களுக்கு, அதாவது கோயில் சிலைகளுக்கு, வண்ணம் தீட்டியவர். ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பூலாம்பாடி வரை சின்னச் சின்னக் கோயில்களில் இருக்கும் சூசையப்பரின் தாடியும், அந்தோணியாரின் அங்கியும் இவர் தூரிகை பட்டவை. கண்ணை மட்டும் கடைசியில்தான் எழுதுவாராம், மூச்சை அடக்கிக்கொண்டு.

அந்தத் தூரிகையை அவர் கீழே வைத்ததற்கு ஒரு தாய்தான் காரணம். திருவிழாவுக்கு முந்தைய நாள், மாதாவின் நீல மேலாடையை முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்குகிறார். "பெயிண்டு காயலீங்க. அதுக்குள்ள ஒரு அம்மா ஓடியாந்து மாதா காலப் புடிச்சி நெத்திய வச்சிக்கிட்டு எம்புள்ளயக் காப்பாத்துன்னு அழுவுது. அது நெத்தியில நீலம். என் கையிலயும் அதே நீலம். கடைக்குப் போயி நான் டப்பாவுல வாங்கியாந்த நீலம்ங்க அது." இதைச் சொல்லும்போது, இன்றும் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

அதன் பிறகு பழைய ஏற்பாட்டைத் தனியாகப் படித்தார். செல்போனில் ஒரு ரப்பியின், அதாவது யூத மதகுருவின், வகுப்பு கிடைத்தது. பாதி ஆங்கிலம் புரியாது. மீதியை மகன் லியோ பிரபு சென்னையிலிருந்து விளக்குவான். யூதராகப் பிறக்காதவர்களுக்கு நோவாவின் வழியாக வந்த ஏழு கட்டளைகள் போதும்; உருவத்தை வணங்காதே, கொல்லாதே, திருடாதே, உயிரோடிருக்கும் பிராணியின் சதையைத் தின்னாதே என்று அவை போகும். "யூதரா மாறவும் வேணாம்னுட்டாங்க. இருக்கற எடத்துலயே ஒழுங்கா இருன்னாங்க. அதாங்க எனக்குப் புடிச்சுது."

இந்த வழியில் பெரம்பலூரில் எத்தனை பேர் என்று, அவரிடம் பலகை எழுதக் கொடுத்துப் பழகிய நான் ஒருமுறை கேட்டேன். "நான் ஒருத்தந்தான். அதனால கோஷ்டிச் சண்டை கெடயாது."

இப்போது 'இருதயம் ஆர்ட்ஸ்' கடையில் பெயர்ப்பலகை, வண்டி எழுத்து வேலை மட்டும்தான். அரியலூரிலிருந்து சுண்ணாம்புக்கல் லாரி கொண்டுவரும் வைரக்கண்ணு, வண்டி முகப்பில் ஐயனாரை வரையச் சொல்லிச் சண்டைக்கு நின்றார். "அந்தோணியாருக்கே இல்லன்னுட்டேன், அய்யனாருக்கு எப்பிடிய்யா வரைவேன்? ரெண்டு பேருக்கும் வருத்தம் வரும். தாமரப்பூ போட்டுத் தரேன், எடுத்துட்டுப் போ."

எல்லாவற்றையும்விட அவரைச் சோர்வடையச் செய்வது வார இறுதி. ஞாயிறு கோயில் மணி அடிக்கும். இவருக்குப் போக இடமில்லை. சனி, யூதர்களின் ஓய்வு நாள். அதையும் இவர் அவர்களைப் போல முழுதாக அனுசரிக்கக் கூடாதாம். அது அவர்களுக்கே கொடுக்கப்பட்டது. ஏதாவது ஒரு வேலை செய்து அந்த நாளின் ஓய்வைக் குலைத்துவிட வேண்டும் என்பது ரப்பியின் சொல். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் நண்பகலில் வாசற்படியில் நின்று ஒரு தீக்குச்சி உரசுவார். பற்றியதும் ஊதிவிடுவார். "வேல முடிஞ்சுது" என்பார்.

"தண்டத்துக்கு ஒரு குச்சி" என்று உள்ளே கட்டிலிலிருந்து குரல் வரும். அது அவர் மனைவி சாந்தி மேரி. முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கிவிட்டன. எழுந்து நாலடி வைப்பதே பெரும்பாடு. கட்டிலருகே முக்காலியில் ஒரு முழ உயர மாதா சுரூபம். கல்யாணமான வருடம் இருதயநாதன் கண் எழுதிக் கொடுத்தது. இன்று கன்னத்தில் வண்ணம் உதிர்ந்து சுண்ணாம்பு தெரிகிறது. சனிக்கிழமை மாதாவின் நாள். நண்பகல் செபத்துக்கு மெழுகுவத்தி ஏற்றப் பக்கத்து வீட்டு மலர்கொடிதான் வருவாள். கணவர் அந்தத் திரியைத் தொடமாட்டார்.

"மொகத்துக்கு மட்டும் ஒரு பூச்சு பூசுங்கன்னேன். வேற ஆளுக்கிட்டக் குடுக்க எனக்கு மனசில்ல. அந்தக் கண்ணத் தெறந்தது இவருதானே?" என்று சாந்தி மேரி என்னிடம் பலமுறை அழுதிருக்கிறார். போன மாதம் கடைசியாகச் சொல்லிவிட்டார்: பூசினால் இந்த வீட்டில் இருப்பேன், இல்லாவிட்டால் வரதராசன்பேட்டைக்குத் தம்பி செபஸ்டினோடு போய்விடுவேன், சாகிறவரைக்கும். இருதயநாதன் மறுக்கவும் இல்லை, பூசவும் இல்லை. "சண்ட போடக்கூடத் தெம்பில்லங்க எனக்கு" என்றார்.

நேற்று சனிக்கிழமை. எழுதக் கொடுத்திருந்த பெயர்ப்பலகையை வாங்கிவர அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலடியில் ஒரு பெட்டி. மறுநாள் காலையில் செபஸ்டின் காரோடு வருகிறாராம். மாதாவைப் பயணத்துக்காகப் பச்சைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள்.

மணி பன்னிரண்டு ஆனது. சாந்தி மேரி மடங்கிய விரல்களால் துண்டைப் பிரித்தார். மெழுகுவத்தியை இரு மணிக்கட்டுகளுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். மலர்கொடி ஜெயங்கொண்டத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். நான் எழுந்தேன். "நீங்க உக்காருங்க" என்றார் சாந்தி மேரி, வாசலிலிருந்து பார்வையை எடுக்காமலே.

வாசற்படியில் நின்றிருந்த இருதயநாதன் தீப்பெட்டியை எடுத்தார். உரசினார். பற்றியது. ஊதவில்லை.

முகம் தெருவைப் பார்த்தபடியே இருந்தது. கை மட்டும் முதுகுப்பக்கமாக வீட்டுக்குள் நீண்டது.

சாந்தி மேரி சுவரில் தோளைச் சாய்த்தபடி நாலடி வந்து, திரியை அந்தச் சுடரில் வைத்தார். ஈரத் திரி, சட்டென்று பற்றவில்லை. நெருப்பு குச்சியில் இறங்கி நகத்தைத் தொட்டது. இருதயநாதன் கையை இழுக்கவில்லை. திரி பற்றியதும் சாந்தி மேரிதான் குனிந்து குச்சியை ஊதினார். மெழுகுவத்தியை மாதாவின் முன் வைத்துவிட்டு, பயணத்துக்கென்று எடுத்து வைத்த பச்சைத் துண்டைச் செம்புத் தண்ணீரில் நனைத்தார். திரும்பி வந்து, கணவரின் சுடுபட்ட விரல்களில் அதைச் சுற்றத் தொடங்கினார்.