உப்பு கூடிய பேட்கி

சுந்தரவல்லிக்கு மீன் சமைக்கத் தெரியும், சாப்பிட்டதில்லை. கணவர் இறந்த பிறகு ஆறு வருடமாக பாலிகஞ்சில் வங்காளிக் குடும்பங்களுக்குச் சமைத்தாள். மீன்குழம்பின் பக்குவத்தை மணத்தை வைத்தே சொல்லிவிடுவாள். டாலிகஞ்சில் தம்பி வீட்டுக் கூடத்தில் படுக்கை. தம்பி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் கூடத்தைக் காலி செய்யவேண்டும்.

அதனால்தான் பிரியம்வதா வீட்டு வேலை அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. நிரந்தர வேலை. சமையலறைக்குப் பின்னால் ஜன்னலோடு ஓர் அறை.

"அடுத்த மாசம் சென்னைலேர்ந்து என் மாமியார் வரார், மாமி. அவருக்கும் நீங்கதான் பண்ணணும். மீனைத் தொட்டாலும் குளிச்சுட்டுப் பண்ணட்டும்னுட்டார். ஆனா மீன் சாப்பிடறவா கையால ஒரு வாய் ஜலம் வாங்கமாட்டார்."

"என் வாயில பட்டதே இல்லைம்மா."

சனிக்கிழமை விருந்துதான் பரீட்சை. பிரியம்வதாவின் கணவன் ஜெய்ராம் தன் மேலதிகாரி வைத்தீஸ்வரனை அழைத்திருந்தான். ஒரு மேல்நாட்டு மீன் சமையலின் செய்முறையை அவனே அச்செடுத்து வந்தான். பிரியம்வதா தமிழில் படித்துச் சொன்னாள். ஆலிவ் எண்ணெயில் தக்காளி, பூண்டு. அதன்மேல் மீன், ஆலிவ் காய், கேப்பர் மொட்டு, சீஸ், எலுமிச்சை வட்டங்கள். ஓவனில் இருபது நிமிடம். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கரியாஹாட் சந்தையில் முள் எடுத்த பேட்கி மீன் வாங்கி வந்து கழுவினாள். வங்காளி வீடுகளில் மீனைக் கழுவியதும் உப்பும் மஞ்சளும் தடவி ஊறவைப்பது வழக்கம். மஞ்சள் டப்பாவைத் திறக்கும்போதுதான் இது வேறு சமையல் என்று நினைவு வந்தது. அதற்குள் கை உப்பைத் தடவி முடித்திருந்தது. ஆலிவும் கேப்பரும் உப்புநீரில் ஊறியவை என்பது அவளுக்குத் தெரியாது. ஒன்றைக்கூட வாயில் போட்டுப் பார்க்கவில்லை.

"ஃபிரெஞ்சு ஒயிட் ஒயின், சார். இந்த மீனுக்குன்னே பொருத்தம் பாத்து வாங்கினேன்," என்றான் ஜெய்ராம், விருந்து மேசையில்.

"ஜாதகம் பாத்தேளோ?" என்ற வைத்தீஸ்வரன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார். "ஒயினை உள்ளே வெச்சுடுங்கோ, ஜெய்ராம். இந்தக் கருவாட்டுக்கு மோர்தான் பொருத்தம்."

ஜெய்ராமின் காது சிவந்தது. சுந்தரவல்லியைக் கூப்பிட்டான்.

"ருசி பாத்தேளா?"

"நான் மீன் சாப்பிடறதில்லையே."

"அப்போ ருசி பாக்க நாங்க என்ன சோதனை எலியா? இப்போ சாப்பிடுங்கோ. இல்லேன்னா நாளைக்கு வரவேண்டாம்."

அவள் பிரியம்வதாவைப் பார்த்தாள். பிரியம்வதா ஒயின் கோப்பையின் தண்டைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னல் அறையை நினைத்துக்கொண்டு சுந்தரவல்லி ஒரு விள்ளல் வாயில் போட்டாள். உப்புதான் முதலில் தெரிந்தது. பிறகு மெத்தென்று ஏதோ பல்லில் பிரிந்தது. அப்படியே விழுங்கினாள்.

"முழுத் துண்டும்," என்றான் ஜெய்ராம்.

நின்றபடியே தின்று முடித்தாள்.

"மாமி கட்சி மாறிட்டா!" வைத்தீஸ்வரன் சிரித்தார்.

அவள் தட்டுகளைக் கழுவும்போது பிரியம்வதா சமையலறைக்கு வந்தாள்.

"அந்த அறை சரிப்படாது, மாமி."

"அவர்தானேம்மா சாப்பிடச் சொன்னார்?"

"சொன்னார். நீங்க சாப்பிட்டுட்டேளே. மாமியார்கிட்ட நான் எப்படிப் பொய் சொல்றது?"

மிச்சமிருந்த இரண்டு துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மூடி நீட்டினாள்.

"எடுத்துண்டு போங்கோ. இனிமே சாப்பிடலாமே."

அவள் கேலி செய்யவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னாள்.