நடக்காது என்று எழுதிய வரி

என் வீட்டுக்காரருக்கு அவர் அலுவலகத்தில் வைத்த பெயர் கல்லுளிமங்கன். தப்பே இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் நான் நாலு துணி மடித்துவிடுவேன். நானோ மின்சார அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுப்பவள். நாள் முழுக்கப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தும் பேசுவேன். எங்களைச் சேர்த்து வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

நூலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவருக்குச் சோறு போடும் வேலை. சோறு போடாத வேலை ஒன்றும் உண்டு. ஒரு கணினிக்குள் இன்னொரு பழைய கணினி இருப்பதுபோல ஓடவைக்கும் இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம். அதில் ஒலி சம்பந்தப்பட்ட மூலையைப் பதினொரு வருடமாக இவர் கவனிக்கிறார், குளிர்சாதனப் பெட்டிக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவில் போட்ட மேசையில் உட்கார்ந்து. வெட்டி வேலை என்று நான் திட்டாத வாரம் கிடையாது.

ஒரு சனிக்கிழமை காலை, முன்பின் தெரியாத பேருந்து ஓட்டுநர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எதையும் காட்டாத மனிதர் அன்று திரையை என் பக்கம் திருப்பினார். ஓட்டுநரின் மனைவிக்குப் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டதாம். திரையில் இருக்கும் படங்களை ஒரு விரலால் தட்டினால் அவருக்காகப் பேசும் ஒரு நிரல் இருந்தது. அதைச் செய்த கம்பெனியை மூடி எட்டு வருடம் ஆகிறது. பழைய கணினியில்தான் அது ஓடும் என்பதால், யாரோ ஒரு புண்ணியவான் அதை இந்த மென்பொருளுக்குள் போட்டுக் கொடுத்திருந்தார். புதன்கிழமை இந்த மென்பொருளுக்கு ஒரு அப்டேட் வந்தது. அன்றிலிருந்து திறந்தவுடன் செத்துப்போகிறது.

"நாலு நாளா வீட்ல சத்தமே இல்ல சார்" என்று முடித்திருந்தார்.

அரை மணியில் காரணம் தெரிந்தது. அந்த அம்மாவின் செட்டிங் கோப்பை ஓட்டுநரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில், மைக் எத்தனை என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. பேச முடியாதவருக்கு மைக் எதற்கு? ஆனால் இவர் புதிதாக எழுதிய ஒரு சோதனை, பூஜ்யத்தைக் கண்டால் மொத்தத்தையும் நிறுத்திவிடும். பக்கத்திலேயே இவர் எழுதிய குறிப்பு: 'இது நடக்கவே நடக்காது.' இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படி எழுதுவதுண்டாம். நல்ல தொழில்!

திருத்தம் இரண்டே வரிதான். ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துச் சரியென்று சொல்லாமல் வெளியே விடக் கூடாது. அந்த விதியைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தவரே இவர்தான். பார்க்க வேண்டியவர் செவ்வாய்க்கிழமைதான் வருவார்.

"செவ்வாய் வரைக்கும் அந்தம்மா அப்படியே உக்காந்திருக்கணுமா? குறுக்கு வழி ஒண்ணும் இல்லையா?"

"பூஜ்யத்த ஒண்ணுன்னு மாத்தினா ஓடும்."

"அப்புறம் என்னங்க? அவருக்கு எழுதுங்க."

"கொஞ்சம் யோசிக்கணும்."

"நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். எழுதுங்கன்னா!"

எழுதினார். பத்து நிமிடத்தில் பதில்: "திறந்திருச்சு சார்!" நான் கைதட்டினேன். அடுத்த பதிலும் உடனே வந்தது. "ஏதோ சாவி எண் கேக்குது சார். அதப் போட்டாதான் பேசுமாம்."

இவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். திடீரென்று ஒரு மைக் முளைத்ததும், தன்னை யாரோ வேறு கணினிக்குத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அந்த நிரல் பூட்டிக்கொண்டுவிட்டது. எண் தர வேண்டிய கம்பெனி இல்லை. செவ்வாய்க்கிழமை திருத்தம் வெளிவந்து, ஓட்டுநர் மறுபடி பூஜ்யம் போட்டார். கணினி சாகவில்லை. பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு காப்பி எடுத்து வை என்று இவர் சொல்லாத ஆள் கிடையாது. என் தங்கை கல்யாணப் படங்களுக்கே மூன்று காப்பி வைத்திருக்கிறார். ஒரு காப்பி இருந்திருந்தால் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். அந்த ஒரு கடிதத்தில் மட்டும் அந்த வரி இல்லை. எழுதும்போது முதுகுக்குப் பின்னால் நின்று விரட்டியது நான். பதறாத காரியம் சிதறாது என்று நான்தான் அலுவலகத்தில் எல்லாருக்கும் சொல்வேன்.

நான்கு மாலைகள் அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கூடப்பிறந்த அண்ணனுக்கே போன் செய்யாத மனிதர், ஓட்டுநருக்குப் போன் செய்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க," என்றார் ஓட்டுநர். "நான்தான் எதையோ தப்பா அடிச்சுட்டேன். எனக்கு இதெல்லாம் எங்க தெரியுது. அவ மூஞ்சியப் பாக்கவே முடியல."

"இல்லீங்க. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. தப்பு என்னோடது. காப்பி எடுக்கச் சொல்லாம விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அத அவகிட்டயே சொல்லிடுங்க சார். காது நல்லா கேக்கும்."

போன் கைமாறியது. மூச்சு கேட்டது. இவர் போனை என் பக்கம் நகர்த்தினார். நான்தான் அவசரப்படுத்தினேன் என்று சொல்ல நான் குனிந்தேன். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் மன்னிப்புக் கேட்கிற எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

மறுமுனையில் ஒரு விரல் எதன்மேலோ தட்டத் தொடங்கியது. நிறுத்தியது, மறுபடி தட்டியது. அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.